பொங்கலுக்கு மறுநாள் விழுந்த சோலைமலை

எங்கள் குடும்பப் பதிவேட்டில் சோலைமலையின் பெயருக்கு நேரே ஒன்பது திகதிகள் உள்ளன. அந்த ஒன்பது காலைகளிலும் அவர் கை கால் அசைக்க இயலாமல் கிடந்தார். என் அத்தை மகனான அவர், கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை சுமப்பவர், கசிப்பு என்னும் கள்ளச்சாராயமோ வேறு மதுவோ தொட்டறியாதவர். மாலைக்குள் உடல் தானே தேறிவிடும் என்பதால் நோயென்று நம்புவார் இல்லை. மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை கந்தப்பனும் விடுவதில்லை.

"என்னப்பா சோலை, கசிப்பு ஜாஸ்தியோ? காலு திரும்பி வந்துருச்சா?"

ஒன்பதாம் முறைக்குப் பின், இன்னொரு நாள் இப்படிக் கிடந்தால் வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவதாகத் தோட்டத்து அதிகாரியான துரை எச்சரித்தார்.

பதிவேட்டை நுவரெலியாவிலிருந்த யாழ்ப்பாணத்து மருத்துவர் சிவனேஸ்வரியிடம் கொண்டுசென்றேன். ஒன்பதும் கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ மறுநாள். வயிறு நிறையச் சோறுண்டு உறங்கிய இரவின் விடியல் என்பதை அவர் கண்டுகொண்டார்.

"அடுத்த முறை விழுந்த உடன கொண்டு வாங்கோ. அதுக்கு முதல் ஒண்டும் குடுக்க வேண்டாம். சீனி கூடவே கூடாது, அது நோயை இன்னும் கூட்டும்."

எங்கள் லய வீடுகளில் விழுந்தவருக்கு முதலில் தருவதே சீனித் தேத்தண்ணிதான். 1999 பொங்கலுக்கு மறுநாள் அவர் பத்தாம் முறை விழுந்தபோது மூன்று வீட்டார் கோப்பையோடு வந்தார்கள். மனைவி நாகலெட்சுமி வாசலை மறித்தாள்.

"ஒரு மொடக்கும் வேணாம்! இத்தன வருசம் நம்ம பாசத்தாலயே இவர படுக்கப் போட்டுருக்கோம்!"

கொழுந்து லொறியில் கிடத்திக் கொண்டுபோனோம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைந்திருந்தது. அந்த உப்பைக் கரைத்துக் கொடுத்ததும் நண்பகலில் எழுந்து உட்கார்ந்தார். அந்த அறிக்கை அவர் பெயரைக் காத்தது, குடிகாரர் என்ற பழியைத் தீர்க்கவில்லை. மருத்துவர் வெளிநாட்டுக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது 2001இல்தான்.

"தசையில கல்சியம் வாசல் எண்டு ஒண்டு இருக்கு," என்றார் மருத்துவர். "மின்னழுத்தம் மாறினா அதை உணர ஒரு உறுப்பும், அந்த உணர்வைக் கூட்டிக் குறைக்கிற துணைப் புரதங்களும் அதில இருக்கு. இவருக்குத் துணையில பிழையில்லை. உணருற உறுப்பிலதான் பிறவிப் பிழை. அதாலதான் நிறையச் சாப்பிட்டுப் பொட்டாசியம் இறங்கினா தசை அசையாமப் போகுது. தகப்பன் வழியா வந்திருக்கும்."

துரையின் உத்தரவுப்படி, மருத்துவர் இதை எழுதித் தந்த கடிதத்தைப் பெரட்டில் உரக்க வாசித்தவர் கந்தப்பனே.

"இப்ப சொல்லுங்க ஐயா," என்றார் சோலைமலை, "கசிப்பா, கல்சியமா?"

பெரட்டுக்களம் முழுதும் சிரித்தது. கந்தப்பனும் சிரித்துவிட்டு, அன்றைய முதற்பெயராகச் சோலைமலையை அழைத்தார்.

அன்று மாலை சோலைமலை நேரே என்னிடம் வந்தார். "எங்கப்பா வரியயும் திருத்திப்புடுங்க."

பதிவேட்டில் அவர் தந்தை மாயாண்டி மாமாவின் பெயருக்கு நேரே, 'குடித்துக் கிடந்தார், 1974' என்று என் தந்தை எழுதியிருந்தார். சிவப்பு மையால் அதை அடித்து, 'குடிக்கவில்லை' என்று எழுதி, சாட்சியாகச் சோலைமலையின் ஒப்பத்தையும் வாங்கினேன்.