வெல்டு வைத்த கதவு

கவச வண்டிகளின் வரலாற்றை என்னிடம் கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். உள்ளே உட்கார்ந்திருப்பவன் எப்படி வெளியே வருவான் என்று, அதை வரைந்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி வந்த கதை அது. சும்மா வரவில்லை. ஆள் செத்துச் செத்துத்தான் வந்தது.

ராணுவத்தில் என் காலம் முழுக்கச் சங்கிலிச் சக்கர வண்டிதான் ஓட்டினேன். பயிற்சியில் பழைய மாதிரிகளையும் காட்டினார்கள். ஆரம்பகால வண்டிகள் சிலவற்றில் சிப்பாய் பக்கச்சுவர் மேலேறித்தான் குதிக்கவேண்டும். தலை தெரிந்ததும் எதிரி சுட்டான். அப்புறம் பின்பக்கம் கதவு வைத்தார்கள். நான் ஓட்டியது அந்த வகை. ஆளையும் ஏற்றும், பீரங்கியும் சுடும். எந்த மகராசன் யோசனையோ, அந்தக் கதவுக்குள்ளேயே டீசலை ஊற்றி வைத்திருந்தான். தப்பிக்கிற வழியில் எண்ணெய்! பின்னால் வந்த புது வண்டிகளில் டீசலைத் தள்ளி வைத்தார்கள். பின்சுவர் மொத்தமும் பலகை மாதிரித் தரையில் இறங்கும், ஆட்கள் ஓடி வெளியேறலாம்.

இத்தனையும் பார்த்துவிட்டு ஓய்வுபெற்று ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் பசுவந்தனைக்குப் பக்கம். தினமும் காலையில் ஒரு வேன் வந்து, கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிப் போகும். என் மனைவியும் அதில்தான் போகிறாள். ஒருநாள் பார்த்தால் பின்கதவை வெல்டு வைத்து அடைத்திருந்தது. உள்ளே குறுக்காக ஒரு பெஞ்சு.

"என்ன அண்ணாச்சி, கதவ அடச்சு வச்சிருக்கிய?" என்று வேன் விடுகிற ஏஜெண்டைக் கேட்டேன்.

"இன்னும் நாலு பேரு உக்காரலாம்லா. முந்தி நின்னுக்கிட்டே வந்தாவ."

"வண்டி கவுந்தா எப்படி எறங்குவாவ?"

"இங்கன என்ன சண்டையா நடக்குது?" என்று சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டையைப் பிடித்திருப்பேன். மனைவிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா வாங்க. நாளைக்கு என்னைய ஏத்தமாட்டேம்னுட்டா எதுல போறது? பஸ் வாரதுக்குள்ள பாதிப் பொழுது போயிரும்."

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது, ஊருக்குப் பக்கத்தில், எதிரே வந்த லாரிக்கு வழிவிட வேனை ஒதுக்கியிருக்கிறார்கள். இடது சக்கரம் தார்ச்சாலையை விட்டு இறங்கியது. ஊறிக்கிடந்த கரிசல் அதை உள்ளே வாங்கிக்கொள்ள, வேன் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. ஏறி இறங்குகிற ஒரே கதவும் சேற்றுக்கு அடியில். செய்தி கேட்டு நான் கடப்பாரையோடு ஓடினேன். உள்ளே அழுகைச் சத்தம். டீசல் வாடை வேறு. பகல் முழுக்கத் தீக்குச்சி மருந்தில் புழங்கிய பெண்கள் அவ்வளவு பேரும்.

பின்கதவில் கடப்பாரையைப் போட்டு நெம்பினேன். அசையவில்லை. வெல்டு வைத்தவன் தன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசியில் டிரைவர் பக்கக் கதவு வானத்தைப் பார்த்துத் திறந்தது. சீட்டை மிதித்து மேலேறி, ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். உலகம் என்றைக்கோ கழித்துக்கட்டிய அந்த முதல் வண்டிகளில் இறங்கின மாதிரியே, என் மனைவி என் கண்முன்னால் இறங்கினாள். அவள் மணிக்கட்டு ஒடிந்திருந்தது.

"சாமி புண்ணியம், யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார் ஏஜெண்ட். ஒடிந்தது அவர் கை இல்லையே.

ஓரிரு நாளில் வேன் பட்டறையிலிருந்து திரும்பி, காலையில் பெண்களை ஏற்ற வந்தது. மனைவி கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு, என்னோடு பார்க்க வந்தாள். பெஞ்சு அப்படியே இருந்தது. வெல்டும் அப்படியே. அந்தக் கதவின் மேல் மட்டும் சிவப்புப் பெயிண்டில் 'அவசர வழி' என்று எழுதியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள். "அண்ணாச்சி, மொதல்ல நீங்க உள்ள ஏறி, இந்த வழியா எறங்கி வாங்க. அப்புறம் இவிய ஏறுவாவ."

ஏஜெண்ட் என்னை முறைத்தார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்திருப்பார். அவர் ஏறவில்லை. பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.