தேவகி அக்கா வைத்த இருபது நிமிடம்

தேவகி அக்கா இறந்த செய்தி ஆலையின் வாட்சப் குழுவில் வந்தது. முதலில் கும்பிடு எமோஜி போட்டவர் மேலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைக் கணினிப் பிரிவிலிருந்து கிடங்குக்குத் தள்ளியவரே அவர்தான். ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அக்காவோடு வேலை செய்த நீங்கள் இதைப் படிக்க வேண்டும்.

பத்து பகாட் ஊரில் உள்ள நம் துணி ஆலையில், நேரம் குறித்துத் தானாக ஓடும் கணினி ஸ்கிரிப்டுகள் அக்காவின் பொறுப்பு. மதியம் ஒரு மணிக்கு ஓடுவது, எந்தச் சாயத்தொட்டிக்கு எந்த நிறம் என்று பட்டியல் எழுதும். அதற்கு அக்கா வைத்த வரம்பு இருபது நிமிடம். தாண்டினால் தானாக நின்று, அரைகுறைப் பட்டியலை அழித்துவிடும். "முடியலன்னா நிக்கட்டும்லா. பாதி பட்டியல் போனா துணி நாசம்" என்பார். நின்ற நாள்களில் சாயப் பிரிவுக்கு நடந்துபோய், "கொஞ்சம் பொறுங்க, ஓட்டிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

அந்த ஸ்கிரிப்டில் நான் ஓர் அறிக்கையைச் சேர்த்தேன். நேரம் போதாமல் அது தினமும் நின்றது. அக்கா விடுப்பில் இருந்த அன்று, எரிச்சலில் வரம்பையே எடுத்துவிட்டேன். மறுநாள் இரண்டு மணியாகியும் ஓடிக்கொண்டிருந்தது. விடுப்பு முடிந்து வந்திருந்த அக்கா பதறிப்போய்க் கையால் நிறுத்தினார். அதற்குள் பாதிப் பட்டியல் சாயப் பிரிவுக்குப் போய்விட்டது. மீதித் தொட்டிகளில் முந்தைய நாள் நிறமே இருந்தது. நீலமாக வேண்டிய துணியெல்லாம் பச்சையாகிவிட்டது.

"யார் நிப்பாட்டினது?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்."

வரம்பை எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ, என்ன பிழைப்பு!

அதற்காக அவரைக் கிடங்குக்கு மாற்றிய பிறகு, ஒருநாள் அங்கே அக்கா என்னிடம் கேட்டார்: "லிமிட்ட எடுத்தது நீதானேம்மா? அன்னிக்கே பார்த்துட்டேன். நீயா சொல்லுவேன்னுதான் வாயத் திறக்கல."

"நாளைக்குச் சொல்லிடுறேன்க்கா."

"சரி, சொல்லு."

ஏழு மாதம் போனது. அக்கா படுக்கையில் விழுந்த பிறகும் நான் சொல்லவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது, சிம்பாங் ரெங்கம் ஊரில் அக்காவின் வீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா தப்பு பண்ணிதான் கிடங்குக்கு மாத்தினாங்களாமே, உண்மையா ஆன்டி?"

"இல்லம்மா. தப்பு நான் பண்ணினது."

அவள் கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். அக்கா எனக்காகப் பொறுத்திருந்த அந்த ஏழு மாதம்தான் இனி என்னிடம் இருக்கும்.