காணாமல்போன மூன்று நாள் வேலை

பொன்னுமணி காலை ஐந்தரைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். போடியில் அந்த நேரத்துக்குத் தெருவில் ஜீப்புகளின் ஹாரன் சத்தம் தொடங்கிவிடும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களைக் கூப்பிடுகிற சத்தம் அது. அதைக் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டருக்கான கோடு, அதாவது நிரல், எழுதுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ராசிங்காபுரத்தில் பிறந்தவள். என்ஜினியரிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு போடிக்கு வந்து, மதுரையில் இருக்கிற ஒரு சின்னக் குழுவுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். குழுவில் மொத்தம் ஐந்து பேர். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோர்களில் சூட்டை அளந்து, சூடு எல்லை மீறினால் மணி அடித்து எச்சரிக்கிற, பேட்டரியில் ஓடுகிற ஒரு கருவிக்கு அவர்கள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. தினமும் எழுதுவாள். எந்தக் கட்டளை என்ன செய்தது, எந்தப் பிழைக்கு எது மருந்து, எடிட்டரில் எந்த விசை வேலையை மிச்சப்படுத்துகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அதோடு இன்னொன்றும் இருக்கும்: யார், எத்தனை மணிக்கு, என்ன செய்யச் சொன்னார்கள் என்பது. அது சென்னையில் வந்த பழக்கம். அங்கே ஒருமுறை அவள் செய்த மாற்றத்தால் ஒரு இணையப் பக்கம் வேலை செய்யாமல் நின்றுபோனது. அடுத்த அரை மணி நேரத்தில் அவள் பெயரைத் தலைப்பிலேயே போட்டு நாற்பது பேருக்கு மெயில் போனது. சாப்பாட்டு அறையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து சாட்சிக்கு வேண்டுமென்று எழுத ஆரம்பித்தாள்.

ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை. வெளியே தூறல். முந்தின நாள் தன் கிளையில், அதாவது பொதுக் கோட்டிலிருந்து தனக்கென்று பிரித்துவைத்த பிரதியில், எழுதிய துண்டு துண்டான மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்து ஒழுங்குபடுத்தியிருந்தாள். குழுவின் கோடு முழுவதும் மதுரை சர்வரில் ஒரே இடத்தில் இருக்கிறது. யார் எதை மாற்றினாலும் வரிசையாகக் குறித்துவைத்துக்கொள்கிற கிட் என்ற கருவியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். நம்முடையதை அங்கே வைக்கப் போகும்போது, நம்மிடம் இருப்பதைவிடப் புதிதாக வேறு யாராவது ஏதாவது வைத்திருந்தால், முதலில் அதை எடுத்துக்கொண்டு வா என்று அது நம்மைத் திருப்பி அனுப்பும். அதையும் மீறி, அங்கே இருப்பது போனால் போகட்டும், என்னுடையதை வை என்று சொல்லவும் ஒரு வழி உண்டு. கட்டளையின் கடைசியில் ஒரு சின்னக் கோடும் ஒரு எழுத்தும் போட்டால் போதும். தன் கிளையில் மட்டும் வேலை செய்யும்போது அப்படிப் போடுவதில் தப்பில்லை.

மேல் அம்பு விசையைத் தட்டினாள். நேற்றுப் போட்ட கட்டளை, கடைசியில் அந்தக் கோடும் எழுத்துமாக, அப்படியே திரையில் வந்து நின்றது. என்டரைத் தட்டினாள்.

தட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. அவள் நின்றுகொண்டிருந்தது தன் கிளையில் இல்லை. எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கிளையில். அவளிடம் இருந்த முதன்மைக் கிளையோ நாலு நாள் பழையது.

சர்வரில் தேடிப் பார்த்தாள். லிங்கேஸ்வரன் மூன்று நாளாக எழுதியது எதுவும் அங்கே இல்லை.

லிங்கேஸ்வரன் குழுவிலேயே இளையவன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் ஸ்டோரில் திங்கட்கிழமையிலிருந்து தங்கியிருந்தான். ஸ்டோர்க் கதவைத் திறந்தாலே மணி அலறுகிறது என்று அங்கே குறை சொன்னார்கள். அதைச் சரிசெய்ய அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

இதை யாருக்கும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பொன்னுமணி ஒரு கணம் நினைத்தாள். நினைத்தது உண்மை. யார் செய்தார்கள் என்பதும் சர்வரில் பதிவாகியிருக்குமே என்ற பயம் அதற்குப் பின்னாலேயே வந்தது. போனை எடுத்துக் குழுவின் தலைவி கலையரசிக்குப் போட்டாள்.

"அக்கா, நான் முதன்மைக் கிளையை அழிச்சிட்டேன். லிங்கேஸ்வரனோட மூணு நாள் வேலை போச்சு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. "இரு, அடுப்பை அணைச்சிட்டு வர்றேன்" என்றாள் கலையரசி. திரும்பி வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இப்ப அந்தக் கோடு வேற யார்கிட்ட இருக்கு?"

எப்படிச் செய்தாய் என்று அவள் கேட்கவில்லை. பொன்னுமணிக்கு அது உடனே உறைக்கவில்லை.

இரண்டு பேரும் யோசித்தார்கள். சர்வரின் பிரதி ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. கலையரசியிடமும் மற்ற இரண்டு பேரிடமும் புதியது இல்லை. மிச்சம் இருப்பது லிங்கேஸ்வரனின் லேப்டாப் ஒன்றுதான்.

"அப்ப அவன்கிட்ட பத்திரமா இருக்குல்ல?"

"அக்கா, அவன் பழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா? கிட் ஏதாவது முரண்டு பிடிச்சா ஃபோல்டரையே அழிச்சிட்டுப் புதுசா எறக்கிக்குவான்."

"போன் போட்டியா?" என்றாள் கலையரசி.

போட்டிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மழையில் மலையில் கரண்ட் போய் மூன்று நாளாகிறது. எஸ்டேட் ஆபீசில் காலையில் கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் ஓடும்போதுதான் இணையம். குழுவில் செய்தி போட்டாலும், தினமும் நடக்கிற ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கு முன்னால் அவன் திறந்து பார்க்கமாட்டான்.

"நான் மேல போறேன் அக்கா."

முதுகில் லேப்டாப் பையோடு கிளம்பியவளைப் புருஷன் முத்துக்கண்ணன் பைக்கில் கொண்டுவந்து ஜீப்பு நிற்கிற இடத்தில் விட்டான். கிளம்பப்போகிற ஒரு ஜீப்பில் பக்கத்துத் தெரு சுருளியம்மாள் இருந்தாள். பதினான்கு பேர் ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்த இடத்தில், தூக்குவாளியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பொன்னுமணிக்கு ஒரு சாண் இடம் விட்டாள்.

"ஏத்தா, ஒனக்கு வீட்டுக்குள்ளதான சோலி? இந்த நேரத்துல எங்க?"

"ஒரு சோலியைக் கெடுத்துட்டேன் அத்தை. சரிபண்ணப் போறேன்."

"யாருக்கும் அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க? இந்தா, இட்லி சாப்புடு."

சாப்பிட முடியவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பு ஏறி மூச்சு வாங்கியது. பொன்னுமணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிங்கேஸ்வரனுக்கு அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக்தான். பாதி மலைக்கு மேல் சிக்னலும் போய்விட்டது. செக்போஸ்டில் லாரி வரிசை நின்றதால் கால் மணி நேரம் போனது. எஸ்டேட் கேட்டில் இறங்கியபோது மணி எட்டேகால். சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் ஓடினாள்.

லிங்கேஸ்வரன் ஸ்டோர் வாசலில் ஒரு சாக்குமூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப். அவளைப் பார்த்ததும் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா? நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்க்கா."

"நீ என்ன பண்ண?"

"காலையில ஏழு மணிக்கு நெட் வந்துச்சு. கிட் என்னென்னமோ சொல்லுச்சு. வழக்கம்போல ஃபோல்டரை அழிச்சிட்டுப் புதுசா எறக்குனேன். பாத்தா நான் எழுதுன எதுவுமே இல்ல. எல்லாத்தையும் தொலைச்சிட்டேன்க்கா. கலையரசி அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மணி நேரமா இங்கயே உக்காந்திருக்கேன்."

பொன்னுமணியும் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இந்தப் பையன் தன்னையே திட்டிக்கொண்டு இருந்திருக்கிறான் என்பதுதான் முதலில் மனசைத் தைத்தது.

"நீ தொலைக்கலப்பா. நான்தான். விடியக்காலம் சர்வர்ல இருந்ததை நான் அழிச்சிட்டேன். அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவனோ நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டான். "அப்ப நான் இல்லையா?" என்றான்.

இரண்டு பேருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று நாள் வேலை போனது போனதுதானே.

அப்போது உள்ளேயிருந்து ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிற கன்னையன் விறகுக் கரியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"தம்பி, நேத்து சாயங்காலம் மேல இருக்குற பெட்டியில என்னமோ ஏத்துனீங்கள்ல? அதுலருந்து மணி வீணா அடிக்கவே இல்ல. விடியக்காலம் ஒரே ஒரு தடவ அடிச்சுச்சு. போய்ப் பாத்தா நெசமாவே சூடு ஏறிக் கெடந்துச்சு. இனிமே அதைப் போட்டு நோண்டாதீங்க, சாமி."

பொன்னுமணி லிங்கேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "எதை ஏத்துன?"

"நெட் இல்லேன்னு வயரை மாட்டி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். "ஃபோல்டரையே அப்படியே ஏத்துனேன்க்கா. கிட்டோட பதிவுகளும் சேந்து."

அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உள்ளே ஈரக் காயின் வாசனையும் வெக்கையும் முகத்தில் அடித்தன. சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த அந்தக் கருவியின் சின்னப் பெட்டியில் வயரைச் செருகி, லேப்டாப்பை ஏணிப்படியில் வைத்து அவன் தட்டினான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பொன்னுமணி அண்ணாந்து பார்த்தாள்.

"இருக்கு" என்றான். பிறகு எண்ணிப் பார்த்து, "பத்தொம்போது மாத்தமும் இருக்குக்கா!"

அவள் ஏணியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போதுதான் பசித்தது.

அவசரப்படவில்லை. முதலில் இரண்டு லேப்டாப்பிலும் ஒவ்வொரு பிரதி எடுத்தார்கள். கேட்டுக்கு நடந்துபோய், சிக்னல் கிடைக்கிற இடத்திலிருந்து கலையரசிக்குச் சொன்னார்கள். "சாமி கும்பிட்டுக்கிட்டே இருந்தேன்டி" என்றாள் கலையரசி. ஆபீசில் ஜெனரேட்டர் மறுபடி ஓடியதும், பொன்னுமணி வரிக்கு வரி சத்தமாகப் படிக்க, லிங்கேஸ்வரன் சரிபார்த்துத் தலையாட்ட, எல்லாவற்றையும் சர்வரில் வைத்தார்கள். கன்னையன் கொடுத்த பால் இல்லாத கட்டஞ்சாயாவோடு நாலு பன் தின்றாள் பொன்னுமணி.

அன்றைய கூட்டம் பதினோரு மணிக்கு நடந்தது. பொன்னுமணி பேச ஆரம்பிக்கும் முன்பே கலையரசி சொன்னாள். "முதன்மைக் கிளையை யாரும் அழிக்க முடியாதபடி சர்வர்ல பூட்டு போடலாம். ரெண்டு நிமிஷ வேலை. ரெண்டு வருஷமா நான் அதைச் செய்யல. இப்பப் போட்டுட்டேன். பொன்னு, நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடு. பேரு போட வேண்டாம்."

பொன்னுமணி பெயர் போட்டே எழுதினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. லிங்கேஸ்வரன் அதற்குக் கீழே, ஃபோல்டரை அழிக்கும் முன் ஒருத்தரிடமாவது கேட்கப்போவதாக எழுதி, தன் பெயரைப் போட்டான். சனிக்கிழமைக்குள் குழுவில் மூத்தவரான ராஜாராம், ஐந்து வருஷத்துக்கு முன்னால் தான் செய்த ஒரு தப்பை எழுதினார். அதைப் படித்தால் பொன்னுமணியுடையது ஒன்றுமே இல்லை.

அந்த வாரம் அவள் நோட்டைப் புரட்டி, கருவிகளைப் பற்றிய குறிப்புகளையெல்லாம் குழுவின் பொதுப் பக்கத்தில் தட்டச்சு செய்து வைத்தாள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்ற வரிகளைத் தட்டச்சு செய்யவில்லை. அப்படிப்பட்டதை எழுதியே பல வாரமாகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். கையில் ஒரு துணிப்பை மட்டும். அம்மா சுப்புத்தாய் பையைப் பார்த்தாள், எப்போதும் இன்னொரு பை தொங்குகிற மகளின் முதுகைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் எங்கடி?"

"கொண்டு வரலம்மா."

சுப்புத்தாயின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "வேலைய விட்டு எடுத்துட்டாங்களா? மாப்ளைக்குத் தெரியுமா?" என்றாள்.

பொன்னுமணி சிரித்த சிரிப்பில் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஒதுங்கின. "வேலை இருக்கும்மா. லீவு நாளும்மா இன்னைக்கு" என்று சொல்லிவிட்டு, பாயை விரித்து மத்தியானம் மூன்று மணி வரைக்கும் தூங்கினாள்.