தலை தட்டாத கிண்ணம்

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனுக்கு அவன் தொப்பைதான் பெயர்ப்பலகை. உத்திரமேரூரில் மெஸ் நடத்தும் எனக்குப் பலகை கொஞ்சம் பெரியது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர், எட்டு கிலோ குறைத்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். வேளைக்கு ஒரு கிண்ணம் சோறு, அவ்வளவுதான். தட்டின் முன் உட்கார்ந்து தன் வயிற்றோடு வழக்காடும் அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கும்பம்

சமையலுக்கு இருக்கும் கன்னியம்மாவிடம் கிண்ணத்தைக் கொடுத்து, இதுதான் என் அளவு என்றேன். அடுத்த மாதம் எடை பார்த்தால் கூடியிருந்தது. முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டேன், பிறகு டாக்டரை, கடைசியில் என்னையே. அப்புறம்தான் அவள் சோறு போடுவதைக் கவனித்தேன். களத்தில் நெல் அளந்து பழகிய கை. கிண்ணத்தில் அமுக்கி நிரப்பி, அதன் மேல் கோபுரமாகக் கும்பம் வைத்தாள். கிண்ணத்தில் ஒரு பங்கு, கும்பத்தில் ஒரு பங்கு. விளிம்போடு வழித்து, தலை தட்டிப் போடச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"தலை தட்டி அளக்க நீ இன்னா எங்கிட்ட கடனா கேட்ட, நைனா? சோறுதானே கேட்ட."

எந்த அளவு

என் கஷ்டம் ஊருக்கும் இருக்குமே என்று, 'அளவுச் சாப்பாடு' என்று வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தேன். ஒரு கிண்ணம் சோறு, பாதி விலை. முதலில் வந்தவர் உரம் வாங்க வந்த காவாந்தண்டலத்து விவசாயி. மூன்று வாயில் முடித்துவிட்டு மறுசோறு கேட்டார். இதற்கு மறுசோறு கிடையாது என்று பணிவாகச் சொன்னேன். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன பதிலில்தான் பலகை அன்றே இறங்கியது.

"அளவு சாப்பாடுன்னுதானே எய்திகீற? என் அளவு இன்னும் வர்லியே."

இலை மேல் கை

கன்னியம்மா வேண்டாவெறுப்பாகத் தலை தட்டத் தொடங்கினாள். கடையே அதை வேடிக்கை பார்த்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். ஆனால், இவன் கடைச் சோறு இவனுக்கே இறங்கவில்லை போல என்ற பேச்சும் காதில் விழுந்தது. வியாபாரம் போய்விடுமோ என்ற பயத்தில் நானே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனேன். போதும் என்று இலை மேல் கையை வைத்தாலும், விரல் இடுக்கில் ஒரு கரண்டி தள்ளுவதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. முதல் 'போதும்' என்பதை நம்புகிறவன் கஞ்சன்.

தினமும் வரும் ஆட்டோக்கார டேனியலுக்குச் சர்க்கரை. அது எனக்கும் தெரியும். அவன் இலையைக் கையால் மூடினான். என் கரண்டி பழக்கத்தில் இடுக்குத் தேடி இறங்கியது. சுடுசோறு அவன் புறங்கையில் விழுந்தது. கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தான்.

"உனுக்கு மட்டும் தலை தட்டிக்கினு, எனுக்குக் கும்பம் கட்றியே, இன்னா நாயம்ணே இது?"

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. என்னிடமிருந்து இறங்கிய எட்டு கிலோ எங்கேயும் கரைந்து போயிருக்காது, என் பந்தியில் உட்கார்ந்த யார் மேலாவதுதான் ஏறியிருக்கும்.