கோட்டைச் சுவருக்குள் மிர்க்

மர்டீனாவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் எங்கள் தீவில் கிடையாது. நாற்பது ஆடு, அவள் ஓட்டும் பள்ளிக்கூட வேன், மிர்க் என்ற குட்டைக்கால் நாய், இவ்வளவுதான் அவள் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் குன்றின் மேலிருக்கும் பழங்கோட்டையைத் தன் சொத்து மாதிரிக் காவல் காத்தாள். பக்கத்துப் பண்ணை ஃபின்லே வேலிக் கதவுக்கு முட்டுக்கொடுக்க அங்கிருந்து மூன்று கல் எடுத்துவிட்டான் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டாள். அந்தக் கற்களை அவனே திரும்பச் சுமந்துபோய் வைக்கும்படியும் செய்தாள். அதிலிருந்து ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

போன மார்ச்சில் முயலைத் துரத்திய மிர்க், கோட்டைச் சுவரின் அடியில் ஒரு பொந்துக்குள் நுழைந்தவன் வெளியே வரவில்லை. குரைப்பு மட்டும் கேட்டது. மர்டீனா மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஃபின்லேயிடம் ஓடினாள்.

"மூணு கல்லுக்கு அந்தக் குதி குதிச்சியே! இன்னைக்கு எத்தனை பிடுங்கணும்?" என்று கேட்டுக்கொண்டே அவன் கடப்பாரையை எடுத்தான்.

"எல்லாத்தையும் பிடுங்கு. என்னை ஜெயில்ல போடட்டும்."

பிடுங்க எங்கே முடிந்தது! எந்தக் காலத்திலோ எவனோ மூட்டிய தீயில் அந்தச் சுவரின் கற்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கடப்பாரை நுனிதான் மழுங்கியது. ஒட்டாத கற்களை அசைத்தால் அவை பொந்துக்குள்ளேயே சரிந்தன.

"மிர்க்! டேய் ராஜா, இங்கதான் இருக்கேன்டா!" என்று பொந்தில் வாய் வைத்துக் கத்தினாள். உடனே உள்ளே பரபரவென்று பிறாண்டல், கல் உருளும் சத்தம், ஒரு வீறிடல்.

ஃபின்லே அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

"கூப்பிடாத! உன் குரல் கேட்டா உள்ளயே உடம்பைத் திருப்பப் பாக்குறான். திரும்ப இடமில்ல, கல்லுதான் சரியுது. சும்மா விட்டா பின்பக்கமாவே ஊர்ந்து வெளிய வந்துருவான். உன் வாசனைகூட வரக்கூடாது. கீழ போயிரு."

"விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைப்பானே, ஃபின்லே!"

"நினைக்கட்டும். உயிரோட இருந்தாப் போதும்."

ஊரையே வாயால் விரட்டியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். காலடி தள்ளிப்போவது தெரிந்ததோ என்னவோ, மிர்க் ஊளையிட ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் ஃபின்லேயின் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வேனை வேறு யாரோ ஓட்டினார்கள். அவன் வைத்த ஓட்ஸ் கஞ்சி ஆறி ஏடு கட்டியது. குன்றுப் பக்கமிருந்து காற்றடிக்கும்போதெல்லாம் ஊளை கேட்டது. கேட்கும்போது அழுதாள், கேட்காதபோது எழுந்து நின்றாள். பொந்துக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவே அவனைக் கொன்றுவிடும். இப்படியும் ஒரு கொடுமை உண்டா!

மூன்றாம் நாள் காலை எந்தச் சத்தமும் இல்லை. ஃபின்லே மேலே போனான். திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"வந்துட்டானா?"

"கல்லு சரிஞ்சு பொந்தே மூடிக் கிடக்கு." ஃபின்லே வாசலை விட்டு விலகி வழிவிட்டான். "நீ இனிக் கூப்பிடலாம், மர்டீனா."

அவள் ஏறிப்போனாள். தொண்டை கட்டிப்போகும்வரை கூப்பிட்டாள்.