வலிக்காத கை

அந்தக் காலத்தில் குஸ்திக்கு முன் பயில்வான்கள் அபின் உருண்டை விழுங்குவதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. வலி தெரியாது என்பார்கள். ஆனையூர் கோதாவில் என்னோடு மோதிய சீனியும் விழுங்கியிருந்தான். அவன் கையை முறுக்கிப் பிடித்து, தோல்வியை ஒப்புக்கொள்வான் என்று காத்திருந்தேன். அவனோ சிரித்தான்.

“விட்டுக்குடுடா மாப்ள, ஒடிஞ்சிரும்!” என்றேன்.

“இம்புட்டுத்தானா ஒன் பலம்?” என்று திமிறினான்.

எலும்பு முறிந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அவனுக்கு வலிக்கவே இல்லை. அந்தக் கையோடு மறுபடி பாய்ந்தான். “நிறுத்தச் சொல்லுங்கண்ணே!” என்று நடுவரிடம் கத்தினேன். கூட்டத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் நானே மல்லாந்து விழுந்து தோற்றேன்.

ஜெயித்தவனின் கையைத் தூக்கிக் காட்டினார்கள். ஒடிந்த கை அது. அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான். அபின் இறங்கியதும் அவன் அலறப்போகிறான் என்பது அத்தனை பேரில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.