ஆணி ஓட்டை விழுந்த கம்பளி

உனக்கு எதற்கு இந்த ஊர்வம்பு? கம்பளியை வெயிலில் போடச் சொன்னால் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. மூலைக்கு ஒன்றாக ஏன் இரண்டு ஓட்டை என்று துருவிக் கேட்கிறாய். எலி என்றால் நம்பவும் மாட்டாய். சரி, எலி இவ்வளவு வட்டமாகக் கடிக்காதுதான். உட்கார்.

அந்துருண்டை வாசனை வந்தால் எனக்கு மார்கழி வந்துவிட்டது என்று அர்த்தம். ரங்கூன் குளிர் ஒரு குளிரா? ஆனாலும் நாங்கள் விடுவோமா? காலைப் பலகாரத்துக்குத் தெருமுனையில் மொஹிங்கா வாங்கப் போகிறவள்கூட கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் போவாள். நானும்தான். பாதி வியர்வை, பாதி பெருமை.

அப்படி ஒரு மார்கழியில்தான் என் மகன் செல்வம் வந்தான். ஊரை விட்டுப் போய்ப் பதினான்கு வருஷம். பனி பெய்கிற தேசத்தில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான். குளிர்காலத்தில் அங்கே சுவர் காயாது, வேலை இல்லை. அதனால் நம்மூர் இளவெயிலுக்கு வந்தான். ஒன்பது ராத்திரி பிள்ளை என் வீட்டில் தூங்குவான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அவன் அப்பா படுத்த இடத்தில் பாய் விரித்தேன். பக்கத்து வீட்டு மா மியாவிடம் இந்தக் கம்பளியை இரவல் வாங்கினேன். பனியில் கிடந்தவனுக்குக் கம்பளி! என் மூளை அவ்வளவுதான். முதுகு நனைந்த அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கினான்.

அப்போதெல்லாம் வீட்டில் ராத்திரி யார் தங்கினாலும் வார்டு ஆபீசில் பெயர் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்காரன் என்றால் வீட்டில் தங்கவே கூடாது, ஓட்டல்தான். சட்டம் எனக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்தவன் வெளிநாட்டுக்காரன் என்பதுதான் தெரியவில்லை. குளித்து, கன்னத்தில் தநாகா மரச்சாந்து பூசிக்கொண்டு, பெயர் கொடுக்கப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பகல்ல எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கட்டும்மா. இருட்டினா வேணாம்."

ஒன்பது நாள் காலையில் வருவான், விளக்கு வைக்கிற நேரத்தில் ஓட்டலுக்குப் போவான். அவ்வளவு பெரிய ஓட்டலில் அவனையும் சேர்த்து நாலே பேராம். விரித்த பாய் விரித்தபடி கிடந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் விமானம். மத்தியானம் சாப்பிட்டதும் சுத்தியலை எடுத்தேன். கம்பளியை ஜன்னல் சட்டத்தில் வைத்து இரண்டு ஆணி அடித்தேன். கதவைச் சாத்தினேன். அறை இருட்டிவிட்டது.

"படுடா. ராத்திரி ஆயிடுச்சு."

சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் படுத்தான். உள்ளே அடுப்புபோல வெந்தது. விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பாவைப் போலவே குறட்டை. அந்தக் குறட்டைக்காக அவரை எத்தனை திட்டியிருப்பேன்! திடீரென்று விழித்தவன், சின்ன வயசுக் குரலில் கேட்டான்.

"அம்மா, விடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லடா. தூங்கு."

அப்போது பகல் மூன்று மணி.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. அடுத்த குளிர்காலம் வருகிறேன் என்று எழுதினான். அந்தக் குளிர்காலத்துக்கு முன்னாலேயே அங்கே நெஞ்சுவலியில் போய்விட்டான். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நாங்கள் இருந்த மரவீட்டை இடித்து மாடி வீடு கட்டிவிட்டார்கள். ஆணி அடித்த ஜன்னல் எந்த அடுப்பில் எரிந்ததோ. மா மியா தாகேதா பக்கம் போய்விட்டாள். இந்தக் கம்பளி மட்டும் என்னோடு வந்தது. அவளுக்கு வேறு வாங்கிக் கொடுத்துவிட்டேன், அப்படி முறைக்காதே.

அன்றைக்கு அவன் டாக்ஸி தெரு முனை திரும்பியதும் மா மியாவும் இன்னும் இரண்டு பெண்களும் வாசலுக்கு வந்தார்கள். பத்து நாளில் ஒரு ராத்திரிகூட அம்மா வீட்டில் தங்கவில்லையே என்று கேட்டார்கள். வார்டு ஆபீசில் சொன்னதைச் சொன்னால் பாவம் என்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. உள்ளே கம்பளி இன்னும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு சொன்னேன்:

"பெரிய மனுஷன் ஆயிட்டான், மா மியா. அம்மா வீட்டுப் பாய் முதுகுல குத்துதாம், ஓட்டல் மெத்தைதான் வேணுமாம். உன் கம்பளியக்கூட விடல, குளிருதுன்னு தூக்கிட்டுப் போயிட்டான்."